சமையல் மேடைக்கு எத்தனை உயரம்?

மே 3, வெள்ளி

காலை ஒன்பதே காலுக்குச் சமையலறையை இடிக்க ஆரம்பித்தார்கள். பதினொரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் இட்லியும் சண்டையும் வெந்த இடம், ஒரு டிராக்டர் மண்ணாகி வாசலில் கிடக்கிறது.

நானும் மேஸ்திரி மாரப்பனும் அந்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தோம். அவருக்கும் என் வயதுதான், ஐம்பத்து மூன்று. சுவரை விரலால் தட்டியே அதன் ஆயுளைச் சொல்கிற மனிதர். என்னைத் தட்டிப் பார்க்கவில்லை. நல்லவேளை.

"அம்மா எங்கீங்க, காணோம்?" என்றார், என் மனைவி சாந்தாமணியைத் தேடி.

"கோபிக்குப் போயிருக்கா, அண்ணன் வீட்டுக்கு. முழங்கால் வலி. அங்க ஒரு எண்ணெய் வைத்தியர் இருக்காரு."

எண்ணெய் வைத்தியர் என் சொந்தத் தயாரிப்பு. முதலில் எதிர்வீட்டுப் பரிமளம் டீச்சரைச் சமாளிக்கத்தான் அவரைப் பெற்றெடுத்தேன். ஒரு மாதத்தில் அவருக்குத் தாடி முளைத்து, டி.வி.எஸ். வண்டி வந்து, இரண்டு மகள்களுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. நேற்று டீச்சர் அவருடைய போன் நம்பர் கேட்டார். வைத்தியர் போன் வைத்துக்கொள்வதில்லை, கொள்கைக்காரர் என்று சொல்லித் தப்பித்தேன்.

நான் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர், சாயங்காலமானால் பட்டிமன்றப் பேச்சாளர், 'சிரிப்புச் செம்மல்' சென்னியப்பன். ஈரோட்டைச் சுற்றி நாற்பது மைலுக்குள் நான் மைக் பிடிக்காத ஊர் இல்லை. அப்பேர்ப்பட்டவன் டைரி எழுத உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் நான் பேசினால் கேட்க ஃபிரிட்ஜ் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் நடுநடுவே உறுமுகிறது.

மே 4, சனி

டைல்ஸ் கடை. டை கட்டிய ஒரு தம்பி வரவேற்றான்.

"சார், எந்த மாதிரி எதிர்பாக்கறீங்க?"

"காலத்துக்கும் நிக்கணும். பத்து வருஷம் கழிச்சுப் பாத்தாலும், ச்சே, இதையா வெச்சோம்னு தோணக்கூடாது."

"அப்போ டைம்லெஸ் கலெக்ஷன் சார்" என்று மாடிக்குக் கூட்டிப்போனான். அங்கே இருந்ததெல்லாம் வெள்ளை. தூய வெள்ளை, பால் வெள்ளை, தந்த வெள்ளை, முத்து வெள்ளை, சாம்பல் தடவிய வெள்ளை. இருபத்து நாலு வெள்ளை எண்ணினேன். எல்லாம் எனக்கு எங்கள் ஹெட்மாஸ்டர் வேட்டி மாதிரியே தெரிந்தன.

"பளபளப்பு வேணுமா, மங்கலா மேட் வேணுமா சார்?"

"எது எண்ணெய் பிசுக்கைக் காட்டாது?"

"மேட் காட்டாது சார். ஆனா பிடிச்சு வெச்சுக்கும். பளபளப்பு காட்டும். ஆனா துடைச்சா போயிரும்."

எனக்குத் தெரிந்த மனுஷர்களையே இந்த இரண்டு ஜாதியாகப் பிரித்துவிடலாம் போலிருந்தது. நான் பளபளப்பு. சாந்தாமணி மேட்.

இந்த வசனம் மேடைக்கு நன்றாக இருக்கும் என்று உடனே தோன்றியது. இனிமேல் அப்படித் தோன்றக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். முடிவு செய்து ஒரு மாதமாகிறது. தோன்றுவது நிற்கவில்லை.

ஆறு வெள்ளைகளைப் போட்டோ எடுத்துச் சாந்தாமணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டாள். நீலக்கோடு இரண்டும் விழுந்தன.

மே 6, திங்கள்

நீலக்கோடுதான். பதில் இல்லை. தந்த வெள்ளையை நானே எடுத்துவிட்டேன்.

மே 9, வியாழன்

கல் கடை. கிரானைட் பலகைகளைப் புத்தகம் மாதிரி நிற்க வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றின் மீதும் தண்ணீர் தெளித்து, ஈரமானால் எப்படி இருக்கும் என்று காட்டினார். எந்தக் கல்லும் ஈரமானால் அழகுதான். நானே குளித்துவிட்டு வந்தால் சுமாராக இருப்பேன்.

கருப்பில் வெள்ளிப் பொட்டு வைத்த ஒரு கல் பிடித்தது. மஞ்சள் கறை பிடிக்குமா என்று கேட்டேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து மஞ்சள் தூள் டப்பாவையே எடுத்துவிட்டார். என்னைப் போல் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! கொட்டி, தண்ணீர் விட்டு, ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் துடைத்தார். கறை இல்லை.

"உங்க பேரன் காலத்துக்கும் இப்படியே இருக்குமுங்க" என்றார்.

ஒரே மகள் தாரணி இப்போது ஓசூரில் இருக்கிறாள், கம்பெனி வேலை. சாயங்காலம் போன் செய்து, கருப்புக் கல் அம்மாவுக்குப் பிடிக்குமா என்று கேட்டேன்.

"நீங்களே கேளுங்கப்பா."

"பதில் போட மாட்டேங்கறா கண்ணு."

"கேட்டீங்களா, இல்ல போட்டோ மட்டும் அனுப்புனீங்களா?"

வாத்தியார் மகள். கேள்வி கேட்டால் எதிர்க்கேள்விதான் வரும்.

மே 12, ஞாயிறு

டைல்ஸ் பாதிச் சுவர் ஏறிவிட்டது. இன்று மாரப்பன் ஒரு காரியம் சொன்னார். காலையிலிருந்து அதிலேயே நிற்கிறேன்.

"கல்லு நாளன்னிக்கு வந்துருமுங்க. அதுக்குள்ள அம்மாவை ஒருக்கா வரச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"வந்து நிக்கோணுமுங்க. அவங்க முழங்கைக்கு அளவெடுத்துத்தான் மேடைக்கு உசரம் வைப்பேன். இத்தன வருஷமா அப்படித்தான். சமைக்கற பொம்பளைய நிக்க வெச்சுப் பாக்காம நான் கல்லு வெச்சதே இல்லீங்க."

"பொதுவா ஒரு அளவு இருக்குமில்ல?"

"பொதுவா ஆரும் சமைக்கறதில்லீங்க சார். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கையிலதான் சமைக்கறாங்க." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "முன்ன இருந்த மேடை முப்பத்தாறு அங்குலம். எந்தப் புண்ணியவான் வெச்சானோ!"

இந்த வீட்டைக் கட்டியவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஆறடி மனிதர். அவரிடம் இருந்துதான் வாங்கினோம். கொடி ஏற்றுகிற உயரத்தில்தான் எல்லாவற்றையும் வைத்திருந்தார்.

"அவளுக்கு முழங்கால் வலி. பஸ்ல வர முடியாது" என்றேன்.

"அப்ப உசரத்தச் சொல்லுங்க. அடி, அங்குலம். நான் கணக்குப் போட்டுக்கறேன்."

கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினேன். கொஞ்சம் இறக்கினேன், மறுபடி ஏற்றினேன்.

"கல்யாணமாயி எத்தன வருஷமாச்சுங்க?"

"இருபத்தேழு."

மாரப்பன் பூச்சுக் கரண்டியைக் கழுவப் போய்விட்டார். மோசமான விமரிசனங்கள் சிலவற்றைப் பத்திரிகையில் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் பரவாயில்லை.

மே 13, திங்கள்

துப்பறியும் வேலை. ரேஷன் கார்டில் உயரம் இல்லை. ஆதாரில் இல்லை. பாஸ்போர்ட் அவள் எடுக்கவே இல்லை. அரசாங்கத்துக்கே தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியவில்லை என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். என் மூக்கு உயரத்துக்கு நிற்கிறாள். அடடா என்று ஸ்கேலை எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, போட்டோக்காரர் அவள் காலடியில் இரண்டு செங்கல் வைத்துச் சேலையால் மூடியது. அன்றைக்கும் நான் ஏதோ சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். படத்திலும் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மணப்பெண் தவிர.

பன்னிரண்டு மணி வெயிலில் டெய்லர் அம்சவேணி கடைக்குப் போனேன். சாந்தாமணியின் ஜாக்கெட் எல்லாம் அங்கேதான்.

"அம்சவேணி, எங்க வீட்டுக்காரம்மா அளவு நோட்டுல இருக்குமில்ல?"

"ஜாக்கெட் தைக்கோணுமாங்க சார்? அக்காவுக்குச் சொல்லாம தைச்சுக் கொடுக்கப் போறீங்களாக்கும்?" பக்கத்து மெஷின் பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"ஜாக்கெட் இல்லம்மா. உயரம்."

"தோள் இருக்குது, கை இருக்குது, இடுப்பு இருக்குது. ஜாக்கெட்டுக்கு எதுக்குங்க உசரம்?" நோட்டை மூடினாள். "அதுவுமில்லாம, அக்கா உசரத்த நீங்கதான ஊரூராச் சொல்லிட்டு வர்றீங்க? எங்ககிட்டக் கேக்கறீங்களே!"

அந்தப் பெண்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பழக்கம்.

மே 15, புதன்

கல் வந்து இறங்கிவிட்டது. சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதில் என் முகம் தெரிகிறது. காலத்துக்கும் இப்படியே இருக்குமாம்.

பரிமளம் டீச்சரை வரவழைத்து நிற்க வைக்கலாமா என்று ஒரு யோசனை. கேட்டும் விட்டேன். வந்தார். மாரப்பன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவங்களா இங்க சமைக்கப் போறாங்க?" என்றார். டீச்சர் முகம் சிவந்து போய், "என்னங்க மேஸ்திரி பேசறீங்க!" என்று கிளம்பிவிட்டார். போகும்போது வாசலில் நின்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"சார், சாந்தாமணி வருவாங்கதான?"

"வைத்தியர் விடணுமே டீச்சர்."

"அந்த வைத்தியர் நல்லவரா இருக்கட்டும்" என்றார். அவர் நம்பவே இல்லை. எப்போதிலிருந்து நம்பவில்லையோ!

மே 17, வெள்ளி

அந்தியூர்ப் பக்கம் ஒரு கோயில் விழாக் கமிட்டியிலிருந்து போன். 'இல்லறம் இனிப்பது கணவனாலா, மனைவியாலா' பட்டிமன்றம். நான் வழக்கம்போலக் கணவன் அணி. தொண்டை சரியில்லை என்று சொன்னேன். பங்குனிக்குப் பிறகு இது ஐந்தாவது தொண்டை வலி. நோயெல்லாம் நம் வீட்டில் சரிசமமாகப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறோம்: அவளுக்கு முழங்கால், எனக்குத் தொண்டை. இரண்டும் இல்லாத நோய்.

மதியம் பார்சல் தயிர்ச்சாதம். இரவும் அதுவே மிச்சம்.

மே 19, ஞாயிறு

மாரப்பன் கெடு வைத்துவிட்டார். வியாழக்கிழமை கல் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு பெருந்துறையில் வேறு வேலை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"நானே அம்மாகிட்டப் பேசட்டுங்களா? நம்பரைக் குடுங்க."

"வேண்டாம். நான் பேசறேன்."

"ஒரு வார்த்தைதானுங்க சார். வந்து சித்த நில்லுன்னு சொல்லோணும். அதுக்குப் போயி ஒரு வாரமா!"

மே 20, திங்கள்

அந்த ஒரு வார்த்தையை ஏன் சொல்ல முடியவில்லை என்று எழுதி வைக்கிறேன். சிரிக்க வைக்காமல் எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

பட்டாளத்துக்காரர் மேடை அவளுக்கு உயரம். வந்த முதல் வாரமே சொன்னாள், "இந்த மேடையை மட்டும் கொஞ்சம் இறக்கிக் குடுங்க" என்று. நல்ல கல்லு, காலத்துக்கும் நிக்கும், அதை எதுக்கு உடைக்கறது என்றேன். அவள் ஒரு பலகை போட்டு அதன் மேல் நின்று சமைக்க ஆரம்பித்தாள். வருஷத்துக்கு ஒருமுறை கேட்பாள். அப்புறம் கேட்பதில்லை.

நான் அதை வைத்து ஒரு துணுக்கு செய்தேன். "எங்க வீட்டுக்காரம்மா சமையக்கட்டுல இருக்காளா இல்லையான்னே தெரியாதுங்க. மேடைக்கு அந்தப் பக்கம் இருந்து தோசை பறந்து வந்தா, ஆள் இருக்குன்னு அர்த்தம்." எந்த ஊரிலும் தோற்றதில்லை. கூட்டம் தூங்கினால் அதை எடுத்து விடுவேன்.

பங்குனியில் அவளுடைய ஊரிலேயே கோயில் நோம்பிக்குப் பட்டிமன்றம். அவளும் வந்திருந்தாள். மூன்றாவது வரிசையில், அண்ணன், அண்ணி, அவர்கள் சம்பந்திவீட்டார் எல்லாரோடும். தோசை பறந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர் சும்மா இருக்காமல், "அந்தம்மா இங்கதான் இருக்காங்களாம், சித்த எந்திரிச்சு நில்லுங்கம்மா, ஊர் பாக்கட்டும்" என்றார்.

நின்றாள். பச்சைப் பட்டு கட்டியிருந்தாள்.

பின்னாலிருந்து ஒருத்தன், "எந்திரிக்கச் சொல்லுங்க!" என்று கத்தினான்.

மைக் என் கையில் இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "எந்திரிச்சாச்சுங்க. அவ்வளவுதான் சரக்கு" என்றேன்.

இருபத்திரண்டு வருஷ மேடைப் பேச்சில் அப்படி ஒரு கைதட்டலை நான் வாங்கியதில்லை. அது முடிகிற வரைக்கும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நான் கைதட்டலைக் குனிந்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

காரை எடுத்து வந்து கதவைத் திறந்துவிட்டேன். "நீங்க போங்க. நான் வரலீங்க" என்றாள். கோபமாகக்கூட இல்லை. பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்கிற மாதிரி.

மறுபடி வாசித்துப் பார்த்தேன். தோசை பறக்கிற இடத்தில் எனக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. என்ன ஜென்மமோ!

மே 21, செவ்வாய்

காலை பதினொன்றுக்கு போன் செய்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க."

"சாப்பிட்டியா?"

"பதினோரு மணிக்கு என்ன சாப்பாடு?"

"வீட்டுல வேலை நடக்குது. டைல்ஸ் போட்டாச்சு. போட்டோ பாத்தியா?"

"பாத்தேன்."

"மேடை போடணும். மேஸ்திரி ஒரு மாதிரி ஆளு. அளவெடுக்காம வைக்க மாட்டேங்கறாரு. நீ ஒருக்கா வந்து…"

"வந்து?"

"நிக்கோணுமாம்."

மிக்ஸி நின்றது. அண்ணிதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"இன்னொருக்கா எந்திரிச்சு நிக்கோணுமா?" என்றாள்.

என் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. போன் பேச்சு தொய்ந்தால் சொல்வதற்கு மூன்று துணுக்கு எழுதி வைத்திருந்தேன். அதைத் தொடக்கூட இல்லை.

"தப்புத்தான் சாந்தாமணி."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நிமிஷக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க உசரத்துக்கே வெச்சுக்குங்க" என்றாள். "இனி அங்க சமைக்கப் போறது நீங்கதான. போனை வெச்சர்றேன்."

மே 23, வியாழன்

மாரப்பனிடம் சொன்னேன், எனக்கு அளவெடுங்க என்று.

"சாருக்கா? சார் சமைப்பீங்களா?"

"பழகணும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சுவரைப் பார்க்கிற மாதிரி. தட்டாமலே ஏதோ தெரிந்துகொண்டார் போல. அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை.

"செருப்பக் கழட்டுங்க. நிமிந்து நில்லுங்க. கையை மடக்குங்க. ஆடாதீங்க சார்!"

மணல் சுமக்கிற பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாரப்பன் டேப்பை என் குதிகாலில் இருந்து முழங்கைக்கு இழுத்து, அளவை உரக்கச் சொன்னார். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள், அது உண்மையும்கூட. என் காது இரண்டும் சுட்டது. இத்தனைக்கும் பார்த்தது இரண்டே பேர். அன்றைக்கு அவள் ஊரில் எண்ணூறு பேர் இருந்தார்கள்.

"முப்பத்தெட்டு" என்றார் மாரப்பன். "வெச்சுட்டா எடுக்க முடியாதுங்க. சரிதானுங்களா?"

"சரி."

மே 24, வெள்ளி

கல் வைத்தாயிற்று. பிரமாதமாக இருக்கிறது. தந்த வெள்ளைச் சுவர், கருப்புக் கல், வெள்ளிப் பொட்டு. கடைப் புத்தகத்தில் இருந்து வெட்டி ஒட்டியது போல. என் கைக்குக் கச்சிதம்.

முதல் சமையல்: ரவை உப்புமா. மாரப்பனுக்கும் கொடுத்தேன். கொஞ்சம் எடுத்து விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இத டைல்ஸ் சந்துல வெச்சுப் பூசினா எறும்புகூட வராதுங்க" என்றார்.

மே 26, ஞாயிறு

யாரும் வரவில்லை. நானும் எங்கும் போகவில்லை. மேடையை மூன்று தடவை துடைத்தேன். அழுக்கே இல்லை.

மே 28, செவ்வாய்

அவளே போன் செய்தாள். எடுக்கிற அவசரத்தில் போனைக் கீழே போட்டுவிட்டேன்.

"அம்சவேணி பேசுனா" என்றாள், எடுத்த எடுப்பில். "அவ கடையில போய் என் உசரத்தக் கேட்டீங்களாமா?"

"கேட்டேன்."

"எப்ப?"

"கல்லு வைக்கறதுக்கு முன்னாடி. பதிமூணாந்தேதி."

"கல்யாண ஆல்பத்தைப் பாத்தா தெரியுமில்ல."

"பாத்தேன். செங்கல்லு வெச்சிருந்தாங்க."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சிரிப்பு என்று எழுத ஆசை. இருமலாகவும் இருக்கலாம். டைரியிலாவது பொய் வேண்டாம்.

"மேடை எத்தன வெச்சீங்க?"

"முப்பத்தெட்டு."

"சரி." பிறகு அவளே, "இங்க அண்ணன் வீட்டு மேடையும் உசரந்தான். அண்ணி பரவால்ல, உசரம். எனக்குத்தான் தோளு போயிருது. நேத்து ஆரும் இல்லாதப்ப நானே டேப்பு வெச்சு அளந்து பாத்தேன். எனக்கு முப்பது அங்குலம் இருந்தா வலி இல்லாம நிக்கலாம்."

"முப்பது" என்றேன்.

"வர்றேன்னு சொல்லலீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்."

முப்பது. இங்கேயும் எழுதி வைக்கிறேன். 30. இருபத்தேழு வருஷத்தில் அவளைப் பற்றி அவள் வாயால் சொல்லி நான் எழுதி வைத்த முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும். அவளைப் பற்றி மேடையில் நான் சொல்ல எழுதி வைத்தது நாலு நோட்டுப் புத்தகம் இருக்கிறது.

மே 29, புதன்

பெருந்துறைக்கே போய் மாரப்பனைப் பிடித்தேன். சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"கல்லை எடுக்கணும்."

"எந்தக் கல்லீங்க?"

"நம்ம வீட்டு மேடை. அடுப்பு வர்ற பக்கம் நாலடி மட்டும். முப்பதுக்கு இறக்கணும்."

இறங்கி வந்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"காலத்துக்கும் நிக்கறாப்புல வைக்கச் சொன்னீங்க. ஒரு வாரம் நிக்கலீங்களே சார்! எடுத்தா உடைஞ்சு போயிருமுங்க. அதே கல்லு வேற கிடைக்காது, ஒவ்வொரு லோடுக்கும் நிறம் மாறும். ஒரு பக்கம் ஒசந்து, ஒரு பக்கம் தாழ்ந்து, பாக்க நொண்டி மாதிரி இருக்கும். என் பேரு கெட்டுப்போயிருமுங்க."

"அம்மா அளவு சொல்லிட்டாங்க மாரப்பா."

அவர் துண்டை உதறினார். மறுபடி கட்டிக்கொண்டார்.

"வந்து நின்னாங்களா?"

"இல்ல. அவங்களே அளந்து சொன்னாங்க."

"ஞாயித்துக்கிழம வர்றேன்" என்றார். "ஆனா இத நான் செஞ்சேன்னு வெளிய ஆருகிட்டயும் சொல்லக்கூடாது."

ஜூன் 2, ஞாயிறு

உடைந்தது. மாரப்பன் சொன்ன மாதிரியே.

கல் கடையில் பழைய லோடு தீர்ந்துவிட்டதாம். வந்திருப்பது கருப்பு என்று கடைக்காரர் சொல்கிறார்; எனக்கு ஆறிப்போன பில்டர் காபி நிறமாகத் தெரிகிறது. அதையே வாங்கினேன். எது காலத்துக்கும் பொருந்தும் என்று கேட்கவில்லை. அவரும் மஞ்சள் டப்பாவை எடுக்கவில்லை.

ஜூன் 5, புதன்

வேலை முடிந்தது. வலப்பக்கம் கருப்பு, முப்பத்தெட்டு அங்குலம். இடப்பக்கம் காபி நிறம், முப்பது. நடுவில் ஒரு படி. தந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் இது நிற்கிற அழகைப் பார்த்துவிட்டு, பரிமளம் டீச்சர் நெடுநேரம் யோசித்து, "காத்தோட்டமா இருக்கு சார்" என்றார்.

டீச்சரிடம் வைத்தியரைப் பற்றியும் சொல்லிவிட்டேன், அப்படி ஒருத்தர் இல்லை என்று. "எனக்குத் தெரியும்" என்றார். "ரெண்டாவது பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வரலைன்னப்பவே தெரியும்."

அடுப்புப் பக்கம் சமைத்தால் எனக்கு முதுகு வளைந்து போகிறது. ஒரு ரசம் வைப்பதற்குள் தொண்ணூறு வயதாகிவிடுகிறது. அவள் பத்தொன்பது வருஷம் மேல்நோக்கிச் செய்ததை நான் கீழ்நோக்கிச் செய்கிறேன். முதல் நாளே தைலம் வாங்கியாயிற்று.

ஜூன் 7, வெள்ளி

பள்ளி திறக்க மூன்று நாள். காலையில் மேடை முழுவதும் தெரிகிற மாதிரி ஒரே ஒரு போட்டோ எடுத்துச் சாந்தாமணிக்கு அனுப்பினேன். கீழே எதுவும் எழுதவில்லை. எழுதினால் வேடிக்கையாக ஏதாவது வந்துவிடும்.

நீலக்கோடு விழுந்தது. போனைத் தின்பண்ட டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். வந்து பார்த்தேன். இல்லை. பாத்திரம் கழுவினேன். பார்த்தேன். இல்லை. ஷேவ் பண்ணிக்கொண்டேன், பாதி முகத்தில் நுரையோடு இருக்கும்போது வந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எழுத்தில்.

"அடுப்பை சன்னலுக்கு நேரா வெச்சிருக்கீங்க. தீ நிக்காது. எதிர்பக்கம்தான் வரணும். மேற்கால இருந்து காத்து எப்படி அடிக்கும்னு தெரியாதா. அங்க நின்னு ஆரு சமைக்கறது."

நான்தான் கடைப் புத்தகத்தில் பார்த்த படம் மாதிரி ஜன்னலோரம் வைக்கச் சொன்னேன். எதிர்ப்பக்கம் மாற்றுவதென்றால் தாழ்ந்த கல்லை எடுத்து அங்கே வைக்க வேண்டும். உயர்ந்த கல்லை இங்கே கொண்டுவர வேண்டும். இரண்டும் உடையும். மாரப்பனுக்கு போன் செய்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். சுவிட்ச் ஆஃப். நம் நம்பரைப் பார்த்தே அணைத்திருப்பார்.

எதற்கும் அவள் சொல்வது சரியா என்று பார்க்கலாமே என்று ஜன்னலை முழுதாகத் திறந்துவைத்து அடுப்பைப் பற்ற வைத்தேன். நீலமாக எரிந்தது, ஒரு பக்கம் சாய்ந்தது, அணைந்தது. மறுபடி பற்ற வைத்தேன். அணைந்தது. மூன்றாவது தடவையும்.

ஒரு அடுப்பு அணைந்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நாலாவது தடவை பற்ற வைத்து, அணைகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். பிறகு கேஸை மூடிவிட்டு, "நீ சொன்னது சரி. அணைஞ்சிருச்சு. எதிர்ப்பக்கம் எந்த மூலையில வைக்கணும்?" என்று எழுதி அனுப்பினேன்.

டைப் செய்துகொண்டிருக்கிறாள்.